கிளச் மாத்தின பில்: சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு?

ஆல்டோக்காரன் | 3 யூன், இரவு 8.40

ஆல்டோ 800. கிளச் மாத்தின பில்லில ரெண்டே ரெண்டு வரி. கிளச் சாமான் 24,900, கூலி 9,000. மொத்தம் 33,900. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில ஒரு கடையில விசாரிச்சா அதே கொம்பனிச் செற் 16,800 எண்டுறாங்கள். 8,100 ரூபா சும்மா மேல ஏத்தியிருக்கு. கராஜ்காரர் சாமானிலதான் அடிக்கிறாங்கள், கூலி கண்துடைப்பு எண்டது என்ர முடிவு. பிழையெண்டா கணக்கோட சொல்லுங்கோ.

13ஆம் நம்பர் ஸ்பனர் | 3 யூன், இரவு 9.25

ரெண்டு வரிப் பில்லை வைச்சு ஒருத்தரும் கணக்குச் சொல்லேலாது. கடைக்காரர் சொன்ன 16,800 ரெண்டு பீஸுக்கோ மூண்டு பீஸுக்கோ? கிளச் பிளேட்டும் அதை அமத்திப் பிடிக்கிற பிரசர் பிளேட்டும் ஒரே பெட்டியில வரும். பெடல் மிதிக்கேக்க கிளச்சை விலத்திற றிலீஸ் பெயாரிங் சில பெட்டியில இருக்கும், சிலதில தனியா வாங்கோணும். கியர் ஒயில் புதுசு ஊத்தினவையோ, வடிச்சதையே திருப்பி ஊத்தினவையோ? எஞ்சின் ஒயில் கிளச்சுப் பக்கம் ஒழுகாமல் தடுக்கிற, கிராங்கின்ர பின் ஒயில் சீல் மாத்தினவையோ? பழைய சாமான் கையில தந்தவையோ?

உந்த நாலுக்கும் பதில் வந்தாப் பிறகு அடிச்சதோ அடிக்கேல்லையோ எண்டு பாப்பம்.

சாமான்கடை | 3 யூன், இரவு 9.55

கவுண்டர் பக்கத்தால ஒண்டு சொல்லுறன். கராஜுக்கு ஒரு விலை, றோட்டால வாற ஆளுக்கு ஒரு விலை. இது ஒளிச்சு வைக்கிற விசயமில்லை. கராஜ்காரர் மாசம் முழுக்க எடுக்கிறார், மாச முடிவில காசு தாறார், பிழையான சாமானை எடுத்துக்கொண்டு வந்து சண்டை பிடிக்கிறதில்லை. அதுக்குக் கழிவு இருக்கு. உங்களுக்கு 16,800 எண்டா அவருக்கு அதில கொஞ்சம் குறைவு. அந்த இடைவெளிதான் அவற்ற சாமான் லாபம். ஓடித் திரிஞ்சு எடுத்தது, பிழைச்சா மாத்தித் தாற பொறுப்பு எல்லாம் அதுக்குள்ள வரும்.

வாங்க வாற ஆக்கள் விடுற பெரிய பிழை, “ஆல்டோ கிளச் என்ன விலை” எண்டு கேக்கிறது. ஆல்டோவில 800 இருக்கு, கே10 இருக்கு, எஞ்சின் வேற, பிளேட்டும் வேற. சேசி நம்பரைச் சொல்லுங்கோ, அல்லது பழைய பெட்டியில உள்ள பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு வாங்கோ. பிறகு எந்தக் கொம்பனி எண்டு கேளுங்கோ. மாருதியின்ர ஒட்டு ஒட்டின பெட்டி, வலியோ, லூக், அதுக்குக் கீழ பெயரே விளங்காத பெட்டி. எல்லாத்துக்கும் ஒரே பதில் சொல்லுற கடையில வாங்காதேங்கோ.

வல்லைவெளி | 4 யூன், காலை 5.50

இந்தியச் சாமானுக்கு லேசான வழி இருக்கு. பெட்டியில எம்.ஆர்.பி. அச்சடிச்சிருக்கும். அதை இண்டைய இந்திய ரூபா விகிதத்தால பெருக்கினா நியாய விலை வரும். அதுக்கு மேல கேட்டா கொள்ளை.

சாமான்கடை | 4 யூன், காலை 7.10

வல்லை, அது சரிவராது. எம்.ஆர்.பி. எண்டது இந்தியாவுக்குள்ள சில்லறையா விக்கக்கூடிய உச்ச விலை. அதுக்குள்ள அவங்கட ஜி.எஸ்.டி. வரி இருக்கு, ஏற்றுமதிக்கு அந்த வரி விழாது. அப்ப கொழும்பு இறக்குமதிக்காரருக்கு அதிலும் குறைவாத்தான் கிடைக்குது. ஆனா இஞ்சால கப்பல் கூலி, சுங்கம், வற் எல்லாம் ஏறும். வற் 2024 சனவரியில இருந்து 18 வீதம், முந்தி 15. பேந்து இறக்குமதிக்காரர், மொத்தக்கடை, யாழ்ப்பாணக் கடை எண்டு மூண்டு கை மாறுது. ஒரு பக்கம் கழியுது, மற்றப் பக்கம் கூடுது. பெருக்கி வாற எண் விலையுமில்லை, கொள்ளைக்கு அளவுகோலுமில்லை.

2022இல டொலர் 200இல இருந்து 360க்குப் பாய்ஞ்ச நேரம் “பழைய ஸ்ரொக்தானே, பழைய விலைக்குத் தாங்கோ” எண்டு கேட்டவை கனபேர். விக்கிற காசில அடுத்த பெட்டியை வாங்கோணும். பழைய விலைக்கு வித்தா ராக்கையில பாதிதான் திருப்பி நிரம்பும்.

13ஆம் நம்பர் ஸ்பனர் | 4 யூன், பகல் 1.15

கூலி கண்துடைப்பு எண்டதுக்கு இப்ப வாறன்.

ஆல்டோவில கிளச் மாத்திறதெண்டா பற்றறி வயர், கிளச் கேபிள், ஸ்பீடோ இணைப்பு, றிவேர்ஸ் சுவிட்ச் வயர், கியர் இணைப்பு எல்லாம் கழட்ட வேணும். ஸ்ரார்ட்டர் மோட்டரை எடுத்து, கியர் ஒயிலை வடிச்சு, கீழ் போல் ஜொயின்ற்றை விலத்தி, ரெண்டு ட்ரைவ் சாஃப்ற்றையும் இழுக்க வேணும். எஞ்சினுக்கு முட்டுக் குடுத்து மவுண்டைக் கழட்டி, பெல் ஹவுசிங் போல்ற்றுகள் எடுத்து, கியர்பொக்ஸை எஞ்சினில இருந்து நேரா விலத்தி இழுத்து இறக்கோணும். பாரத்தை சாஃப்ற்றில தொங்க விட்டா பிளேட்டின்ர நடு வளையும்.

இறக்கின பிறகு கிளச் பிளேட் உரசிற ஃப்ளைவீல் முகத்தில நீலக் கறை, தலைமயிர் வெடிப்பு இருக்கோ எண்டு பாக்கோணும். இருந்தா லேத்துக்குப் போகும், அது தனிக் காசு. புதுப் பிளேட்டை அலைன் கம்பி விட்டு நடுவில நிப்பாட்டி, பிரசர் பிளேட் போல்ற்றுகளைக் குறுக்கு மறுக்கா, ஒவ்வொண்டிலும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கோணும். ஒரு பக்கத்தை முடிச்சுப்போட்டு மற்றப் பக்கம் போனா பிரசர் பிளேட் நெளியும், கார் எடுக்கேக்க உதறும். ஸ்பிளைனில, அதாவது பிளேட் ஏறி நிக்கிற சாஃப்ற்றின்ர பல்லில, கிறீஸ் ஒரு மெல்லிய பூச்சு மட்டும். கூடினா சுத்தேக்க தெறிச்சு பிளேட்டில படும், புதுக் கிளச் வழுக்கும். கடைசியில கேபிளில பெடலுக்கு இளக்கம் வைக்கோணும். இளக்கமே இல்லாமல் இறுக்கி விட்டா றிலீஸ் பெயாரிங் எந்த நேரமும் உராய்ஞ்சு கெதியா போயிடும்.

ஒரு மெக்கானிக்கும் ஒரு கையாளும் நாலு, அஞ்சு மணித்தியாலம். கொம்பனிக்காரற்ற சேர்விஸ் நிலையத்தில ஒவ்வொரு வேலைக்கும் புத்தகத்தில நேரம் எழுதியிருக்கும். வேலை கெதியா முடிஞ்சாலும் இழுத்தாலும் புத்தக நேரத்துக்குத்தான் காசு. எங்கட கராஜுகளில புத்தகமில்லை, “கிளச்சுக்கு இவ்வளவு” எண்ட வாய் விலைதான். வாய் விலைக்குப் பின்னாலயும் ஒரு மணித்தியாலக் கணக்கு இருக்கு.

சொல்லுக்கு ஒரு சின்னக் கராஜ். வாடகை 40,000. கறண்ட் 15,000. ரெண்டு மெக்கானிக் 180,000. கையாள் 45,000. துணி, கிறீஸ், ஸ்பிறே, உடையிற ஸ்பனர் 20,000. மாசம் 300,000. வேலை 25 நாள். எட்டு மணித்தியாலம் திறந்திருந்தாலும் காசு வாற வேலை ஒரு ஆளுக்கு அஞ்சு மணித்தியாலம்தான் வரும். மிச்சம் சாமானுக்கு ஓடுறது, போன், “ஒருக்கா சத்தத்தைக் கேட்டுப் பாருங்கோ” எண்டு வாற ஆக்களோட மினக்கேடு. ரெண்டு ஆள், அஞ்சு மணித்தியாலம், 25 நாள். 250 மணித்தியாலம். மணித்தியாலம் 1,200. இது முதலாளிக்கு ஒரு சதமும் மிஞ்சாத விலை. கிளச்சுக்கு அஞ்சு மணித்தியாலம் எண்டா 6,000. உங்கட 9,000இல மிஞ்சினது 3,000. லாபம், ஜக்கின்ர தேய்மானம், வேலை பிழைச்சுத் திரும்பி வந்தா சும்மா செய்து குடுக்கிறது, மூண்டுக்கும் அந்தக் காசுதான்.

சாமானில ஏத்திற பழக்கம் எங்க தொடங்கினது தெரியுமோ? எங்கட ஆக்கள் கூலியிலதான் பேரம் பேசுவினம். “அரை நாள் வேலைக்கு ஒம்பதாயிரமோ” எண்டு ஏழாயிரத்துக்கு இறக்குவினம். சாமான் விலையை மட்டும் அரசாங்கம் போட்ட விலை மாதிரிக் கேள்வியில்லாமல் குடுப்பினம். கராஜ்காரரும் பழகியிட்டினம். கூலியை 7,000 எண்டு எழுதி, குறைச்ச ரெண்டாயிரத்தைச் சாமானுக்குள்ள தள்ளுறது. பேரம் பேசினவருக்கும் சந்தோசம்.

ஆல்டோக்காரன் | 4 யூன், இரவு 7.30

கேட்டுப்போட்டு வாறன். கடை சொன்ன 16,800 ரெண்டு பீஸுக்கு. றிலீஸ் பெயாரிங் தனிய 2,300 எண்டுறாங்கள். கராஜில கியர் ஒயில் புதுசு ரெண்டரை லீற்றர் ஊத்தினதாம், லீற்றர் 1,600. சீல் மாத்தேல்லை, காய்ஞ்சுதான் இருந்தது எண்டு சொன்னவை. பழைய பிளேட் தந்தவை.

13ஆம் நம்பர் ஸ்பனர் | 4 யூன், இரவு 8.05

16,800, 2,300, 4,000. கூட்டினா 23,100. பில் 24,900. வித்தியாசம் 1,800, நூற்றுக்கு எட்டு வராது. கடைக் கழிவு அவருக்கு இன்னும் கொஞ்சம் கிடைச்சிருக்கும். இதுக்கு நான் சண்டைக்குப் போகமாட்டன். மூண்டு வரியில பிரிச்சு எழுதியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது, அது அவற்ற குறை.

என்னை உறுத்திறது சீல். பழைய பிளேட்டைத் திருப்பிப் பாருங்கோ. லைனிங் கறுத்து மினுங்கி, விரலில எண்ணெய் பிடிச்சா சீல் ஒழுகினது. காஞ்ச தூள் மட்டும் எண்டா அவர் சொன்னது சரி. ஒழுகிற சீலை விட்டுப்போட்டுப் பூட்டினா புதுப் பிளேட்டும் நனையும், பேந்து சீலை மாத்தத் திருப்பிக் கியர்பொக்ஸ் இறக்கோணும், 9,000 ரெண்டாம் முறை. சீலின்ர விலை அந்தக் கூலிக்குப் பக்கத்தில நிக்காது. சாமான் மலிவு, போய்ச் சேருற வழி விலை எண்டா வழி திறந்திருக்கேக்க மாத்திறதுதான் கணக்கு.

வல்லைவெளி | 4 யூன், இரவு 8.40

காய்ஞ்சிருக்கிற சீலை ஏன் நோண்டுவான்? கொம்பனிச் சீல் பழசெண்டாலும் நிக்கும். மட்டமான புதுச் சீலைச் சரிவா அடிச்சு ஏத்தினா அடுத்த கிழமை ஒழுகும்.

13ஆம் நம்பர் ஸ்பனர் | 4 யூன், இரவு 8.50

அதுவும் உண்மை. கொம்பனிச் சீல் கிடைச்சா மாத்து, கிடைக்காட்டி காஞ்சதை விடு. சுத்தியலால அடிக்காமல் சீலின்ர அகலத்துக்கு ஒரு வளையம் வைச்சுத் தட்டினா சரிவு வராது.

கறள் | 5 யூன், காலை 6.30

காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்க வாகனத்துக்கு உந்த அஞ்சு மணித்தியாலக் கணக்குச் சரிவராது. உப்புக் காத்தில போல்ற் தலை கறள் பிடிச்சு வட்டமாகியிருக்கும். பிரேக் பாட் மாத்திறது சாதாரணமா சின்ன வேலை. கலிப்பர் பின் இறுகினா அதுவே அரை நாள். சைலன்சர் மனிபோல்ட் ஸ்ரட் (தலையில்லாத போல்ற்) முறிஞ்சா இன்னும் மோசம். என்ர கேள்வி, முறிஞ்ச ஸ்ரட்டுக்கு ஆர் காசு குடுக்கிறது? கராஜ்காரன் முறிச்சது, நான் ஏன் குடுக்கோணும் எண்டு நிக்கிறாக்கள் இருக்கினம்.

13ஆம் நம்பர் ஸ்பனர் | 5 யூன், பகல் 12.40

கறளில முறிஞ்சா வாகனக்காரர். காத்தில ஓடுற ஸ்பனர் துப்பாக்கியால கண்ணை மூடிக்கொண்டு அடிச்சு முறிச்சா கராஜ்காரர். ரெண்டையும் பிரிச்சறியலாம். முறிஞ்ச முகத்தைப் பாருங்கோ. பாதி பழுப்பு, பாதி பளபளப்பு எண்டா முந்தியே வெடிச்சிருந்தது. முழுக்கப் பளபளப்பெண்டா அளவுக்கு மேல திருகினது.

நல்ல மெக்கானிக் தொடமுதல் சொல்லுவார்: இது முறியும், முறிஞ்சா இவ்வளவு கூடும். முதல் நாளே கறள் எண்ணெய் விட்டு ஊறப்போடோணும். அசையாட்டிச் சூடு காட்டோணும். முறிஞ்சு துண்டு வெளிய நீட்டிக்கொண்டு நிண்டா அதில ஒரு நட்டை வெல்ட் பண்ணித் திருப்பலாம், வெல்டிங் சூட்டில கறளும் இளகும். உள்ளுக்க முறிஞ்சா நடுவில துளைச்சு எடுத்து, மரை போனா மரைச் சுருள் போடோணும். துளை ஒரு பக்கம் சரிஞ்சா எஞ்சின் ஹெட்டுக்கே சேதம். அதால உந்த வேலைக்கு முன்கூட்டிக் கட்டு விலை சொல்லுற ஆளிலதான் எனக்குச் சந்தேகம்.

ஹெட் காஸ்கெட்டும் இதே ரகம். திறக்கமுதல் ஒரு விலை, திறந்தபிறகு ஒரு விலை எண்டு ரெண்டாப் பிரிச்சுக் கேளுங்கோ. ஹெட்டில நேர்ப்பலகை வைச்சு 0.05 மில்லிமீற்றர் பீலர் தகடு நுழைஞ்சா லேத்தில முகம் எடுக்கிற கூலி சேரும். எங்கட பக்கத்தில உந்த வேலை கூட வாறதுக்கு முதல் காரணம் கிணத்துத் தண்ணி. சுண்ணாம்புக்கல்லுத் தண்ணியை றேடியேட்டருக்க ஊத்தினா குழாய் உள்பக்கம் கேத்தில் அடி மாதிரி வெள்ளையாப் படியும். கூலன்ற்றைப் பற்றறித் தண்ணியோட சரிக்குச் சரி கலந்து ஊத்துங்கோ. ஹெட் வேலையோட பாத்தா அது காசே இல்லை.

மொறிஸ்மைனர் | 5 யூன், இரவு 9.20

எங்கட பழசுகளுக்குச் சாமான் விலையே இல்லை, ஏனெண்டா சாமானே இல்லை. எல்லாம் லேத் கூலி. கிராங்கை 10 தவ் (அங்குலத்தில ஆயிரத்தில பத்து) கடைஞ்சு அடுத்த அளவு பெயாரிங், பிறகு 20, 30, 40. நாப்பதுக்குப் பிறகு வேற கிராங் தேடோணும். பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணையில ஓடின காலத்துக் கூத்துக்கெல்லாம் சேர்த்து இப்ப குடுக்கிறம். ஸ்ரார்ட் பண்ண ஒரு சின்னப் போத்தல் பெற்றோல், ஓட மண்ணெண்ணை. எரியாத மண்ணெண்ணை றிங்கால இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், பெயாரிங் தேயும். அதோட ஓடினதே பெரிய காரியம்.

அக்குவா2014 | 6 யூன், காலை 7.00

சும்மா ஸ்கான் பண்ணிப் பாக்கவே காசு கேக்கிறாங்களே? ஒரு வயரைச் செருகுறதுக்கு என்ன கூலி?

13ஆம் நம்பர் ஸ்பனர் | 6 யூன், பகல் 1.30

வயர் செருகிறதுக்கு இல்லை, ஸ்கானில வாற பிழைக் கோட் நம்பரை அப்பிடியே நம்பாமல் பாக்கிறதுக்கு. பி0301 வந்தா முதலாம் சிலிண்டர் மிஸ் அடிக்குது எண்டு மட்டும்தான் கருத்து. உடன கொயில் (பிளக்குக்கு மின்சாரம் குடுக்கிறது) வாங்கு எண்டு சொல்லுறவர் உங்கட காசில பரீட்சை எழுதுறார். முதலாம் கொயிலை ரெண்டாவதில மாத்திப் பூட்டி, கோட்டை அழிச்சு, ஓடிப் பாக்கோணும். கோட் 0302 ஆகினா கொயில்தான். 0301இலயே நிண்டா பிளக்கை இதே மாதிரி மாத்திப் பாக்கோணும். அதிலயும் நிண்டா இஞ்ஜெக்டர், கொம்பிரசன். ஒரு சாமானும் வாங்காமல் நடக்கிற வேலை இது. இதுக்குக் காசு குடுக்கமாட்டம் எண்டு நிண்டா, கராஜ்காரர் கொயிலை வித்துத்தான் அந்த நேரத்துக்குரிய காசை எடுப்பார். முதல் சொன்ன கூலிப் பேரத்தின்ர அதே நோய்தான்.

அக்குவா ஹைபிரிட்டுக்கு இன்னும் ஒண்டு. ஓல்டனேட்டர் மாத்தினது எண்டு பில் வந்தா ஓடித் தப்புங்கோ, அந்தக் காரில அப்பிடி ஒரு சாமானே இல்லை. பான் பெல்ற்றும் இல்லை. வாகன் ஆர் ஹைபிரிட்டில பெல்ற்றில ஓடுற ஐ.எஸ்.ஜி. (ஸ்ரார்ட்டரும் ஓல்டனேட்டரும் ஒண்டான மோட்டர்) இருக்கு, அது வேற.

அக்குவா2014 | 6 யூன், இரவு 8.10

எனக்கு பி0ஏ80தான் வந்தது, ஹைபிரிட் பற்றறியை மாத்தச் சொல்லுற கோட். ஒரு செல்லை மட்டும் மாத்தினாக் காணும் எண்டு ஒரு இடத்தில, முழுப் பற்றறியும் எண்டு இன்னொரு இடத்தில. விலை ஆனைக்கும் பூனைக்கும்.

13ஆம் நம்பர் ஸ்பனர் | 6 யூன், இரவு 9.00

செல் எண்டு அவை சொல்லுறது மொடியூல். அக்குவாவில 7.2 வோல்ற் மொடியூல் 20, மொத்தம் 144 வோல்ற். ரெண்டாம், மூண்டாம் தலைமுறைப் பிறியஸில 28. ஒண்டை மாத்தினா மற்ற 19உம் அதே வயசுக் கிழடுகள், அடுத்தது எப்ப விழும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. புது மொடியூலும் பழசுகளும் ஒரே அளவா சார்ஜ் பிடிக்காது, திருப்பிக் கோட் வரும். செல் மாத்திறது காரை விக்கிற வரைக்கும் தள்ளிற வைத்தியம். ஓடுறதெண்டா முழுசா மாத்துங்கோ.

அதுக்கு முதல், பின் சீற்றுக்குப் பக்கத்தில பற்றறிக்குக் காத்து இழுக்கிற துவாரம் இருக்கு. அதைத் துணியாலயோ பையாலயோ மூடி வைக்கிறவை கனக்க. உள்ளுக்க காத்தாடியில புழுதி அடைச்சா பற்றறி சூடேறிச் சாகும். புதுசு போட்டும் காத்தாடியைத் துப்புரவாக்காட்டி அதுவும் அதே வழிதான். பில்லில காத்தாடி துப்புரவு எண்டு ஒரு வரி இருக்கோ எண்டு பாருங்கோ.

சாமான்கடை | 7 யூன், காலை 6.45

கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில இருந்து பஸ்ஸில எடுப்பிக்கிற ரீகண்டிசன் சாமானைப் பற்றியும் ரெண்டு வார்த்தை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில நிண்டு, 2025 பெப்ரவரியிலதான் தனியார் காருக்குத் திறந்தது. இடையில எல்லாரும் பழசையே திருத்தி ஓடினதால பழைய சாமானுக்கும் கிராக்கி. “செக்கிங் வாறன்ரி” எண்டா பூட்டிப் பாத்து ஓடாட்டித் திருப்பி எடுப்பினம், அவ்வளவுதான். கழட்டிப் பூட்டின கூலி உங்கட தலையில. பெட்டிக்குள்ள வைக்கமுதல் ரெண்டு பக்கத்தாலயும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. இடமும் வலமும் மாறி வந்தா பஸ் கூலி ரெண்டு தரம். மின்சாரச் சாமானை ஒருத்தரும் திருப்பி எடுக்கமாட்டினம், எங்கட கடையும்தான். உங்கட வயரில சோர்ட் இருந்தா புதுசும் ஒரு நிமிசத்தில எரியும். ஆரில பிழை எண்டு பேந்து காட்டேலாது.

வற் எண்டு தனி வரி போட்ட பில்லெண்டா வற் பதிவு இலக்கம் இருக்கோ எண்டு பாருங்கோ. பதியாத கராஜ் வற் அறவிடேலாது. பில்லே தரமாட்டன் எண்டா, 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டப்படி கேட்டாத் தந்தே ஆகோணும். முறைப்பாட்டுக்கு 1977.

ஆல்டோக்காரன் | 7 யூன், இரவு 8.20

பிளேட்டைப் பாத்தன். காஞ்ச தூள்தான், எண்ணெய் இல்லை. சாமானை நானே வாங்கிக்கொண்டு போனா அந்த 1,800உம் மிச்சம்தானே?

13ஆம் நம்பர் ஸ்பனர் | 7 யூன், இரவு 8.45

மிச்சம், பிழைக்காட்டி. நீங்கள் கொண்டு வந்த பெயாரிங் ஒரு மாசத்தில கத்தினா சாமானுக்குக் கடை பொறுப்பு, கூலிக்கு நீங்கள். அவரே எடுத்துப் போட்டா ரெண்டுக்கும் அவர். 1,800 அந்தப் பொறுப்பின்ர விலை. ஒயில், பில்டர், வைப்பர், பல்ப் மாதிரிக் கழட்டிறது லேசான சாமானைத் தாராளமா வாங்கிக்கொண்டு போங்கோ. கியர்பொக்ஸ், ஹெட், டைமிங் எண்டு உள்ளுக்க போறதுக்கு கராஜ்காரர் வாங்கட்டும், எத்தினை மாசம் பொறுப்பு எண்டதைப் பில்லில எழுதுவியுங்கோ.

ஒயில் வாங்கிக்கொண்டு போறவைக்கு: 1000 சீசீ விட்ஸுக்குப் பில்டரோட மூண்டு லீற்றர் சொச்சம்தான் பிடிக்கும். நாலு லீற்றர்க் கானில மிச்சம் உங்கடை, கேட்டு வாங்குங்கோ. வெறும் கானை விட்டுட்டு வாறதெண்டா ஆணியால ஒரு ஓட்டை போட்டு விடுங்கோ. நல்ல கொம்பனிக் கானில மட்டமான ஒயிலை நிரப்பி விக்கிறவைக்கு வெறும் கான்தான் முதல்.

அக்குவா2014 | 8 யூன், காலை 6.10

12 வோல்ற் சின்னப் பற்றறியும் மாத்த வேணுமாம். வெளியில சாதாரணம் பாதி விலை. பூட்டலாமோ?

13ஆம் நம்பர் ஸ்பனர் | 8 யூன், பகல் 12.20

அளவு சரியெண்டாலும் பூட்டாதேங்கோ. அக்குவாவில அது பொனற்றுக்குள்ள இல்லை, ஆக்கள் இருக்கிற பக்கம் பின் சீற்றுக்குக் கீழ. சார்ஜ் ஏறேக்க வாற வாயு வெளியில போறதுக்குப் பக்கத்தில குழாய் செருகிற துளை உள்ள வகைதான் வேணும். கடையில “வென்ற் குழாய் உள்ளது” எண்டு கேளுங்கோ. பூட்டின பிறகு அந்தக் குழாய் செருகியிருக்கோ எண்டு சீற்றைத் தூக்கி நீங்களே பாருங்கோ. பழைய பற்றறியை விட்டுட்டு வாறதெண்டா ஈயத்துக்குக் கழிவு உண்டு, அதையும் பில்லில கழிச்சு எழுதச் சொல்லுங்கோ.